வாளா, கல்லா, சதுரங்கக் காயா: ஸ்காட்லாந்து எதை வெளிநாட்டுக்கு இரவல் கொடுக்கலாம்?

ஸ்டர்லிங் ஊருக்கு வெளியே அபே கிரெய்க் என்ற பாறைக் குன்றின் உச்சியில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் நினைவுக் கோபுரம் நிற்கிறது. 1869-இல் திறந்தது. உள்ளே 246 படிகள், எல்லாம் ஒரே சுழல் படிக்கட்டு, எதிரில் யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் போனபோது அத்தை முதல் வளைவைப் பார்த்ததுமே "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் டீ குடிச்சிட்டு இங்கேயே இருக்கேன்" என்று கீழே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூச்சு வாங்க ஏறினோம். நடுவில் ஒரு கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், செங்குத்தாக நிற்கிறது வில்லியம் வாலஸின் வாள். 163 சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட என் மனைவி உயரம். எடை என்னவோ 2.7 கிலோதான். தோல் சுற்றிய கைப்பிடி, மங்கிப்போன இரும்பு, அங்கங்கே பள்ளம். வேறு அலங்காரம் ஒன்றும் கிடையாது.

2005 ஏப்ரலில் ஏறியவர்களுக்கு இந்த வாளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அப்போது அது நியூயார்க்கில் இருந்தது. ஸ்காட்லாந்து மரபைக் கொண்டாட அங்கே ஆண்டுதோறும் நடக்கும் டார்டன் வாரத்துக்காக, ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா வரச்சொல்லி ஆள் பிடிக்கிற வேலைக்காக, கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்ட் 23. சரியாக 700-வது ஆண்டு. "எழுநூறு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்காட்லாந்தை விட்டு வெளியே" என்றுதான் விளம்பரம் செய்தார்கள்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது: ஒரு நாடு தன்னுடைய பொக்கிஷம் என்று வைத்திருக்கும் பொருளை, ஊருக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அனுப்பலாம் என்பவர்கள் கலாச்சாரப் பரிமாற்றம் என்பார்கள், கூடாது என்பவர்கள் பாதுகாப்பு என்பார்கள், இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் பொருள் பொருளாக எடுத்துப் பார்க்கிறேன். நம் ஊர்க் கோயில் கணக்கில் சொன்னால், எது மூலவர், எது உற்சவர் என்று பிரிப்பதுதான் இங்கே வேலை. மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். உற்சவர் வீதிக்கு வருவார், அதற்காகவே செய்யப்பட்டவர். ஸ்காட்லாந்தில் சிக்கல் என்னவென்றால், பல பொருள்களுக்கு இந்தப் பிரிவினையை யாரும் செய்து வைக்கவில்லை.

வாளிலிருந்தே தொடங்கலாம்.

அனுப்பலாம் என்பதற்குச் சாதகமாக நிறையவே இருக்கிறது. முதலில், அது இரும்பு. ஓவியம் போல வெளிச்சம் பட்டு வெளுக்காது, தந்தம் போலக் காற்றின் ஈரம் ஏறி இறங்கினால் விரிசல் விடாது. நல்ல பெட்டி, உள்ளே அசையாத அணைப்பு, துரு பிடிக்காத வறட்சி, கூடவே பயணம் செய்ய ஒரு ஆள், இது போதும். இரண்டாவது, அந்த வாள் பார்க்காத அடியா? 1912-இல் எதெல் மூர்ஹெட் என்ற பெண் வாக்குரிமைப் போராளி அதன் கண்ணாடியை உடைத்தார். 1936-இல் ஒரு தடவையும் 1972-இல் ஒரு தடவையும் திருடு போய்த் திரும்பி வந்தது. விமானத்தில் போவதால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று கேட்கத்தான் தோன்றும்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். அது வாலஸின் வாள்தானா என்பதே சந்தேகம். இப்படிப்பட்ட இரு கை வாள் வாலஸ் காலத்துக்குப் பிந்தியது என்றுதான் ஆயுத வரலாறு தெரிந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். 1505-இல் நான்காம் ஜேம்ஸ் மன்னர் அதற்குப் புதுக் கைப்பிடியும் உறையும் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. ஆக, உள்ளே பழைய இரும்பு கொஞ்சம் இருந்தாலும் இருக்கலாம், மீதி எல்லாம் பின்னால் சேர்ந்தது. நடுவில் 1825-இல் பழுது பார்க்க லண்டன் டவருக்கு வேறு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அதைப் பார்த்த சாமுவேல் மெய்ரிக் என்ற ஆயுத ஆய்வாளர், இது வாலஸுக்கு ரொம்பப் பிந்தியது என்று கருத்துச் சொன்னார். அந்தக் கணக்கில் பார்த்தால் 2005-இன் "முதல் தடவையாக வெளியே" என்ற விளம்பரமும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. லண்டன் ஸ்காட்லாந்தில் இல்லையே! சுற்றுலா விளம்பரம் எழுதுபவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா என்ன.

நம்பகத்தன்மை குறைவு என்பதால் அனுப்புவது சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாலஸ் கையில் பிடித்தாரோ இல்லையோ, 1505-இலேயே ஒரு அரசர் இதை மதித்துச் செலவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு டம்பார்டன் கோட்டையில் கிடந்து, 1888-இல் இந்தக் கோபுரத்துக்கு வந்து, இத்தனை பேர் ஏறி வந்து பார்த்து, உடைத்து, திருடி, திரும்பக் கொடுத்து என்று ஐந்நூறு வருஷ வரலாறு அதற்கென்றே இருக்கிறது. அது பொய்யில்லை.

என்னுடைய தயக்கம் வேறு இடத்தில். வாள் தனியாக நின்றால் அது ஒரு நீளமான இரும்பு. ஜன்னலுக்கு வெளியே ஃபோர்த் ஆறு பாம்பு போல நெளிந்து போவது தெரிகிறதே, அந்த ஆற்றின் குறுக்கே இருந்த பாலத்தில்தான் 1297 செப்டம்பர் 11 அன்று வாலஸும் அவருடைய கூட்டாளி ஆண்ட்ரூ மோரேயும் ஆங்கிலப் படையைப் பாதி பாலம் தாண்டும்வரை விட்டுவிட்டு மடக்கினார்கள். குன்றின் மேல் நின்று காத்திருந்தார்கள் என்பது மரபு. மேலிருந்து பார்த்தால் அது ஏன் வேலை செய்தது என்று ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும். வாள் அந்தக் காட்சிக்கு ஒரு முற்றுப்புள்ளி. நியூயார்க் ரயில் நிலையத்துக்கு முற்றுப்புள்ளியை மட்டும் அனுப்பினால் வாக்கியம் எங்கே?

இதற்கு எதிர்வாதமும் எனக்கே தெரியும். 1995-இல் ஹாலிவுட் படம் ஒன்று, 'பிரேவ்ஹார்ட்', வந்த பிறகுதான் இந்தக் கோபுரத்துக்குக் கூட்டம் பல மடங்கானது. அந்தப் படத்தின் போர்க் காட்சிகளை அயர்லாந்தில் எடுத்தார்கள். படத்தில் பாலமே கிடையாது! ஸ்டர்லிங் பாலப் போரில் பாலம் இல்லை. இடமும் தப்பு, விவரமும் தப்பு, இருந்தும் ஆள் வந்தது. அப்படியானால் வாக்கியம் முழுதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு பொறி போதும் என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கஷ்டம். (அந்தப் படத்தைப் பார்த்து உருகிய ஒரு சிற்பி, கதாநாயகனின் முகச்சாயலில் வாலஸ் சிலை செய்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். அடிபீடத்தில் 'சுதந்திரம்' என்று பொறித்திருந்தது. ஊர்க்காரர்கள் முகத்தைச் சேதப்படுத்தினார்கள் என்று இரவு நேரத்தில் சிலையைக் கூண்டுக்குள் பூட்ட வேண்டியதாயிற்று. கூண்டுக்குள் சுதந்திரம்! 2008-இல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.)

அதனால் வாள் விஷயத்தில் என் தீர்ப்பு பாதிப் பாதி. அனுப்பலாம், ஆனால் கூட்டம் இல்லாத மாதங்களில், குறுகிய காலத்துக்கு, டிக்கெட் இல்லாமல் சாதாரண ஆள் நடந்துபோகிற இடத்தில். கடைசி விஷயத்தில் 2005-ஐ நான் பாராட்டுவேன். கிராண்ட் சென்ட்ரலில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு மியூசியத்துக்குள் வைத்திருந்தால் ஏற்கெனவே ஸ்காட்லாந்து பிடித்தவர்கள்தான் வந்திருப்பார்கள்.

போலி வாள் அனுப்பலாமே என்று உடனே கேட்பீர்கள். இந்த வாளுக்கு நகல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நகல் வாளுக்கு நியூயார்க்கில் யார் நிற்பார்கள்? நம் உற்சவர் மூலவரின் நகல் இல்லை என்பதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும், அவருக்கென்று தனி உயிர் உண்டு, தனி அலங்காரம், தனி வரலாறு. பட்டறையில் போன வருஷம் அடித்த வாளுக்கு அது கிடையாது. கடையில் விற்கலாம், ஊர்வலம் விட முடியாது.

அடுத்து கல். விதிக்கல் என்று சொல்லலாமா, ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடும்போது உட்கார்ந்த ஸ்கோன் கல். பார்க்க ஒன்றும் இருக்காது. 152 கிலோ மணற்பாறை, இரண்டு பக்கமும் இரும்பு வளையம், அவ்வளவுதான். வீட்டு வாசலில் கிடந்தால் துணி துவைப்போம். 1296-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் பிடுங்கிக்கொண்டு போய் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் முடிசூட்டு நாற்காலிக்கு அடியில் சொருகினார். 1950 கிறிஸ்துமஸ் அன்று விடிகாலையில் நான்கு ஸ்காட்லாந்து மாணவர்கள் அபேக்குள் புகுந்து தூக்கினார்கள், தூக்குகையில் இரண்டாக உடைந்தது, ஒட்டவைத்து 1951 ஏப்ரலில் ஆர்ப்ரோத் மடாலயத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், போலீஸ் மறுபடி லண்டனுக்கே கொண்டு போனது. 1996-இல்தான் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. இப்போது, 2024-இலிருந்து, பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது இருந்த ஸ்கோனிலிருந்து கூப்பிடு தூரம்.

இதை வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சே எடுக்க முடியாது. 1996-இன் அரச ஆணைப்படி அது முடிசூட்டு விழாவுக்கு மட்டும் வெஸ்ட்மின்ஸ்டர் போகும், வரும். 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸுக்காக அப்படிப் போய் வந்தது. அரச சின்னங்களுக்கென்று தனி ஆணையர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதமில்லாமல் இம்மியும் நகராது. சட்டத்தை விடுங்கள், மனசு என்று ஒன்று இருக்கிறதே. எழுநூறு வருஷம் வெளியே இருந்ததுதான் அந்தக் கல்லின் கதையே. அதை இன்னொரு தடவை வெளியே அனுப்பி, டூர் பேக்கேஜ் விற்க வைத்தால் பெர்த்தில் எவனும் தூங்கமாட்டான்.

ஆனால் நகர்த்தியதால் ஒரு நன்மையும் நடந்தது. 2023 பயணத்துக்கு முன்னால் கல்லை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தார்கள், அப்போதுதான் ரோமன் எண்கள் போலத் தெரியும் சில கீறல்கள் கண்ணில் பட்டன. ஆக, இரவல் என்றாலே பொருளுக்கு ஆபத்து மட்டும்தான் என்றில்லை. போவதற்கு முன்னால் ஒவ்வொரு கீறலையும் குறிப்பெடுக்கிறார்கள், வந்த பிறகு சரிபார்க்கிறார்கள், வருஷக்கணக்காக யாரும் உற்றுப் பார்க்காத பொருளை அந்தச் சாக்கில் பார்க்கிறார்கள்.

மூன்றாவது போட்டியாளர் ஆர்ப்ரோத் பிரகடனம். 1320 ஏப்ரல் 6 என்ற தேதியிட்டு, ஸ்காட்லாந்தின் பிரபுக்கள் போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு எழுதிய லத்தீன் கடிதம். எங்களில் நூறு பேர் உயிரோடு இருக்கும்வரை ஆங்கில ஆட்சிக்குப் பணியமாட்டோம் என்கிற அந்த வரியை ஸ்காட்லாந்தில் குழந்தைக்கும் தெரியும். சுற்றுலா விளம்பரத்துக்கு அமெரிக்காவில் இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை, ஏனென்றால் அங்கே டார்டன் தினம் ஏப்ரல் 6 என்று வைத்ததே இதனால்தான். 1998-இல் அமெரிக்க செனட் போட்ட தீர்மானம், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனமே இதை முன்மாதிரியாகக் கொண்டது என்கிற அளவுக்குப் போனது. வரலாற்றாசிரியர்கள் நிறைய பேர் அதை ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு கதை.

பொருத்தம் பத்துக்குப் பத்து. உடம்போ தாங்காது. தோலில் எழுதியது, மெழுகு முத்திரைகள் தொங்குவது, வெளிச்சம் ஆகாது. எடின்பரோவிலேயே 2005-க்குப் பிறகு 2023-இல்தான், அதுவும் ஒரே ஒரு மாதம், தேசிய அருங்காட்சியகத்தில் வெளியே வைத்தார்கள். உள்ளூர்க்காரனே பதினெட்டு வருஷம் காத்திருந்து பார்க்கிற பொருளை விமானம் ஏற்றச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதில் ஒரு வேடிக்கை. எடின்பரோவில் பத்திரமாக இருக்கும் பிரகடனம், போப்புக்குப் போன கடிதம் இல்லை. அது வீட்டில் வைத்துக்கொண்ட படி. உண்மையாகவே, அப்போது போப் இருந்த அவிஞ்ஞோனுக்குப் பயணம் போனதே, அந்தக் கடிதம் தொலைந்துவிட்டது. அனுப்பிய அசல் போயிற்று, அலமாரியில் வைத்த நகல் இன்று அசலாகிவிட்டது. வெளிநாட்டுக்கு எதையும் அனுப்பாதே என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, நகலை மதிக்காதவர்களுக்கும்தான்.

அதனாலேயே பிரகடனத்துக்கு மட்டும் நான் நகலை ஆதரிக்கிறேன். வாளின் நகலில் ஒன்றும் இல்லை என்று மேலே சொன்னவன், இங்கே எப்படி மாறினேன் என்று கேட்கலாம். கடிதத்தின் உயிர் வாசகத்தில் இருக்கிறது, தோலில் இல்லை. நல்ல நகல் ஒன்றை, பக்கத்தில் மொழிபெயர்ப்போடு, நியூயார்க்கிலோ டொராண்டோவிலோ வைத்தால், நிற்கிறவர் படிப்பார், புரிந்துகொள்வார். அசலை மங்கலான வெளிச்சத்தில் வரிசையில் நின்று அரை நிமிஷம் பார்ப்பதைவிட அதில் அதிகம் கிடைக்கும். எனக்கு லத்தீன் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது உண்மையான போட்டி: லூயிஸ் தீவின் சதுரங்கக் காய்களும் காலோவே புதையலும். இரண்டும் ஒற்றைப் பொருள் இல்லை, தொகுப்பு. அங்கேதான் ஆட்டமே மாறுகிறது.

சதுரங்கக் காய்களை ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். 1831-இல் லூயிஸ் தீவின் யூக் என்ற கடலோர ஊர் மணலில் கிடைத்தவை, வால்ரஸ் தந்தத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செய்தவை, பெரும்பாலும் நார்வேயில் என்கிறார்கள். மொத்தம் 93 பொருள்கள். ராணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பருப்பு தீய்ந்துபோன மாதிரி ஒரு முகம். நாம் யானை என்று சொல்லும் காய் அங்கே ஒரு காவல் வீரன், அவர்களில் சிலர் போர் வெறியில் கேடயத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள், கண் பிதுங்குகிறது. இந்த முகங்களுக்கு விளக்கக் குறிப்பே தேவையில்லை. வாளுக்குப் பாலமும் ஆறும் வேண்டும், பிரகடனத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், கல்லுக்கு அரை மணி நேரம் கதை சொல்ல வேண்டும். அந்த ராணிக்கு ஒன்றும் வேண்டாம். ஆறு வயசுக் குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரிக்கும்.

2011 நவம்பரிலிருந்து 2012 ஏப்ரல் வரை 34 காய்கள் நியூயார்க்கில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குளோய்ஸ்டர்ஸ் கிளையில் இருந்தன. காலத்தைப் பாருங்கள், முழுக்கக் குளிர்காலம். இந்த விஷயத்தில் அனுபவம் பேசியிருக்கிறது. அந்த 34 போனபோதும் ஊரில் பெட்டி காலியாகவில்லை, மீதி இருந்ததே. தொகுப்பின் பெரிய பலம் இதுதான்.

சரி, ஊர் என்று சொன்னேனே, எந்த ஊர்? 93-இல் 82 லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், 11 எடின்பரோவில். நியூயார்க்குக்கு இரவல் கொடுத்தது லண்டன். நியூயார்க்கில் ராணியைப் பார்த்து மயங்கிய ஒருவர் அடுத்த கோடையில் டிக்கெட் எடுத்தால் எங்கே போவார், லண்டன் மியூசியம் இருக்கும் ரஸல் சதுக்கத்தின் பக்கத்தில்தான் இறங்குவார், யூக் மணலுக்கா போவார்? லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில், லூஸ் கோட்டை அருங்காட்சியகத்தில், ஆறு காய்கள் இருக்கின்றன. அவையும் லண்டன் கொடுத்த நீண்டகால இரவல். தன் மண்ணில் கிடைத்ததைத் தனக்கே இரவலாக வாங்கி வைத்திருக்கிறது அந்தத் தீவு. சுற்றுலாவுக்காக இரவல் என்று பேசும்போது, யாருடைய சுற்றுலாவுக்கு என்று கேட்காமல் விடக் கூடாது.

இந்தத் தொகுப்பில் காணாமல் போன காய்கள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒன்று எடின்பரோவில் ஒரு குடும்பத்தின் மேஜை டிராயரில் கிடந்தது. 1964-இல் ஐந்து பவுண்டுக்கு வாங்கியதாம். 2019-இல் ஏலத்தில் 7,35,000 பவுண்டு. நம் வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலோவே புதையல் வேறு ரகம். 2014-இல் தென்மேற்கு ஸ்காட்லாந்தில் உலோகம் தேடும் கருவியோடு போன ஒருவருக்குக் கிடைத்தது. சுமார் கி.பி. 900-இல் புதைத்தது, வெள்ளி, தங்கம், பட்டுத்துணி, மண் உருண்டைகள்கூட, நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். மூடி போட்ட வெள்ளிப் பாத்திரம் ஒன்று இரானிலிருந்து வந்தது என்று ஆய்வில் தெரிந்தது. 2017-இல் தேசிய அருங்காட்சியகம் 19.8 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அப்போதே உள்ளூரில் சண்டை. கர்கூப்ரி ஊரில் (எழுத்தைப் பார்த்தால் வேறு மாதிரி வாசிப்போம், அவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்) எங்கள் மண்ணில் கிடைத்தது எங்கள் ஊர்க் காட்சிக்கூடத்துக்கே வர வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். எடின்பரோ ஜெயித்தது. பிறகு சுற்றில் கர்கூப்ரிக்கும் வந்தது, அபர்தீனுக்கும் போனது, 2025-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் பறந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்: முகவசீகரத்தில் காய்கள்தான், கேள்வியே இல்லை. பயணம் தாங்குவதில் உலோகம் தந்தத்தைவிட மேல், ஆனால் புதையலில் இருக்கும் பட்டும் நூலும் தந்தத்தைவிட மோசம், அதனால் எதை அனுப்புவது என்று பொறுக்கித்தான் அனுப்ப வேண்டும். யாருக்கு லாபம் என்பதில் புதையல் முந்துகிறது, கொடுக்கிற கையும் ஸ்காட்லாந்தின் கைதான். அப்புறம் புதையலுக்கு இன்னொரு அனுகூலம் இருக்கிறது: கதை இன்னும் முடியவில்லை. யார் புதைத்தார்கள், ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை, இன்னும் விவாதம் நடக்கிறது. முடியாத கதையைக் கேட்டவன்தான் மீதியைத் தேடி வருவான்.

கர்கூப்ரிக்காரர் பக்கம் நின்று பார்த்தால் எரிச்சல் நியாயம்தான். சுமார் நூறு மைல் தள்ளி வைக்க யோசித்தவர்கள் பூமியின் மறுபக்கத்துக்கு அனுப்புகிறார்கள். வெளிநாட்டு இரவலுக்கு முன்னால் உள்ளூர் இரவல் என்று ஒரு விதி இருந்தால் நன்றாயிருக்கும்.

விதி என்றதும் கிளாஸ்கோவின் பரெல் தொகுப்பு நினைவுக்கு வருகிறது, அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் பரெல் கப்பல் முதலாளி, தன் கலைத் தொகுப்பை (இப்போது ஏறத்தாழ 9,000 பொருள்கள்) 1944-இல் நகரத்துக்குக் கொடுத்தார், ஆனால் கடல் கடந்து அனுப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கப்பல் ஓட்டிச் சம்பாதித்தவருக்கே கப்பலில் நம்பிக்கை இல்லை! 2014-இல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதைத் தளர்த்தியது. அந்த விவாதத்தில் லண்டன் நேஷனல் கேலரியின் அப்போதைய இயக்குநர் நிக்கலஸ் பென்னி எதிர்த்துப் பேசினார், பயணத்தின் ஆபத்தை எல்லோரும் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது அவர் கவலை. இரவல் கொடுத்து வாங்குவதையே தொழிலாகப் பார்த்தவர் சொன்னதால் நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டடம் புதுப்பிக்கப் பணம் வேண்டும், வெளிநாட்டில் பெயர் வேண்டும் என்பதெல்லாம் சரிதான். கொடுத்தவர் வேண்டாம் என்று எழுதி வைத்ததைச் சட்டம் போட்டு மாற்றினால், நாளைக்குத் தருபவர் யோசிப்பாரே.

கடைசியாக, இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று. ஜெர்மனியின் லூபெக் நகர ஆவணக் காப்பகத்தில் ஒரு சின்னத் தோல் துண்டு இருக்கிறது. 1297 அக்டோபர் 11 தேதி, ஹாடிங்டனில் எழுதியது, ஸ்டர்லிங் பாலப் போர் முடிந்து சரியாக ஒரு மாதம். எழுதியவர்கள் ஆண்ட்ரூ மோரேயும் வில்லியம் வாலஸும். லூபெக், ஹாம்பர்க் வியாபாரிகளுக்கு அவர்கள் சொல்வது: ஸ்காட்லாந்து ஆங்கிலேயர் கையிலிருந்து மீண்டுவிட்டது, எங்கள் துறைமுகங்களுக்கு நீங்கள் பயமில்லாமல் சரக்கோடு வரலாம். அதாவது, வாருங்கள் என்று கூப்பிடும் விளம்பரம்! போர் ஜெயித்த கையோடு அந்த மனிதர் செய்த முதல் வேலைகளில் ஒன்று இது. வாலஸின் முத்திரை அதில் இருக்கிறது, வில்லும் அம்பும் பொறித்தது. வாளின் உரிமையாளர் யார் என்று சந்தேகப்படலாம், இந்த முத்திரையைச் சந்தேகப்பட முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் பக்கம் போய்விட்டுப் பின்னால் லூபெக்குக்குத் திரும்பியது. 2012-இல் இரவலாக எடின்பரோ வந்து பாராளுமன்றக் கட்டடத்தில் சில வாரங்கள் இருந்தது.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து நான் சொல்வது: புதையலையும் காய்களையும் தாராளமாக அனுப்பு, பாதியை வீட்டில் வைத்துக்கொண்டு. பிரகடனத்துக்கு நகல். கல்லைத் தொடாதே. வாளை நியூயார்க்குக்கு இனி அனுப்ப வேண்டாம், அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் லூபெக்குக்கு அனுப்பு. ஒரு நவம்பரில் வாள் அங்கே போகட்டும், அந்தச் சில வாரங்களுக்குக் கடிதம் ஸ்டர்லிங் வரட்டும், கோபுரத்தின் அதே கூடத்தில் வெளிச்சம் குறைத்து வைக்கட்டும். ஜெர்மானியர்களுக்குத் தங்கள் ஊர்க் காப்பகத்தில் இருக்கும் பெயருக்கு ஓர் உருவம் கிடைக்கும். படியேறி வருபவர் காலிக் கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருக்காது. தோலோடு இணைந்த கட்டை விரல் அகல மெழுகைக் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பி ஜன்னல் வழியாக ஆற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "நல்லதுதான், அந்தக் கடிதத்தையாவது கீழேயே வைக்கச் சொல்லு" என்றார்.